ஆளிடம் ஒப்படை

பக்கத்து மேசைக்காரர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துத்தான் அவள் அந்த வரியைச் சேர்த்தாள். விதிகள் நீளமாக இருந்தன. கடைசிப் பகுதியில், படிப்பவர்களுக்குக் கண் சோர்ந்துபோகும் ஓர் இடத்தில் அதை நுழைத்தாள்.

"பேசுபவரிடம் சற்றேனும் கலக்கம் தெரிந்தால், மேற்கொண்டு பேசாமல் ஆளிடம் ஒப்படை."

சேமித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற கம்பெனி அது. பழுது என்று போன் செய்பவர்களுக்குப் பதில் சொல்ல இரண்டாம் மாடியில் ஒரு கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். இப்போது அங்கே பாதி நாற்காலிகள் காலி. முதலில் போனை எடுப்பது ஏஜென்ட்தான். அது ஒரு புரோகிராம். ஆனால் மற்ற புரோகிராம்களைப்போல் ஒவ்வோர் அடியையும் அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவரிடம் சொல்வதுபோல, நீ யார், உன் வேலை என்ன, எதைச் செய்யவே கூடாது என்று சாதாரண வார்த்தைகளில் சொன்னால் போதும். மீதியை அதுவே யோசித்துச் செய்துகொள்ளும். அப்படிச் சொல்வதுதான் அவள் வேலை. நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கத் தெரியாதவள், அதனிடம் மட்டும் பக்கம் பக்கமாகப் பேசினாள்.

அந்த வரியில் 'சற்றேனும்' என்ற சொல்லில்தான் விஷயம் இருந்தது. ஃப்ரிட்ஜ் நின்றுபோய் போன் செய்பவர்களில் கலங்காதவர் யார்? எனவே ஏஜென்ட் பாதிப் பேரை மேலே அனுப்பியது. இரண்டாம் மாடியில் போன் மணி ஓயாமல் அடித்தது.

"ஆளுக்குப் போற போன் பத்துல ஒண்ணுக்குக் கீழ வந்துட்டா மேல அந்த ஹாலை மூடிடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க" என்று போன மாதக் கூட்டத்தில் மேனேஜர் சொல்லியிருந்தார். எதைச் சொன்னாலும் ஒரு சதவீதத்தோடு சொல்வதால் அவருக்குப் புள்ளிவிவரம் என்று பெயர். அவருக்கே அது தெரியும், கோபப்படுவதில்லை.

அந்தக் கூடத்தின் கோடியில், ஜன்னலோரம், அவளுடைய அக்காவின் கணவர் உட்கார்ந்திருந்தார்.

மாமா சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு விபத்தில் இடுப்பு போனபிறகு, உட்கார்ந்த இடத்திலிருந்து வாயால் செய்கிற வேலை ஒன்றுதான் அவருக்கு மிச்சம். அது கிடைப்பதற்குள் எத்தனையோ வாசல் ஏறி இறங்கினார். வேலை இல்லாமல் வீட்டில் கிடந்த அந்தக் காலத்தில் அவர் யாரோடும் பேசவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் "பசிக்கல" என்பார். அக்கா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள். அந்தச் சத்தம் நிற்கும்வரை தங்கை வாசலிலேயே நிற்பாள். அந்த நாட்கள் திரும்பி வரக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வரி.

உறவுக்காரர்கள் ஒரே கம்பெனியில் இருப்பதை மேலிடம் விரும்பாது என்பதால் இருவரும் ஆபீசில் தெரியாதவர்கள்போல் இருந்தார்கள். ஒரே வீட்டிலிருந்து கிளம்பினாலும் அவர் முதல் பஸ்ஸில் போவார், அவள் அடுத்த பஸ்ஸில்.

"ஏய் ஊமச்சி, உன் புள்ள இன்னைக்கு என்னைப் படாதபாடு படுத்திடுச்சுடி" என்றார் மாமா ஒரு சாயங்காலம், செருப்பைக் கழற்றும்போதே.

"எந்தப் புள்ள?" என்று அக்கா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இவ பெத்து வச்சிருக்காளே, பேசுற புள்ள. ஒரு பெரியவர் போன் பண்ணியிருக்காரு. ஃப்ரிட்ஜைத் தொறந்தா உள்ள லைட் எரியலையாம். 'ஐயோ, ஒரே இருட்டா இருக்கேப்பா'ன்னிருக்காரு. அவ்வளவுதான். 'ஐயோ'ன்னதும் இது நடுங்கிப்போயி அவரை எங்கிட்டத் தள்ளிட்டு ஓடிடுச்சு. சரியான தொடைநடுங்கி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பகல்ல தொறங்க ஐயான்னேன்."

அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு தானும் சிரித்தார். "அப்புறம் அவரும் விழுந்து விழுந்து சிரிச்சாரு. அவர்கிட்டப் பேரன் பேத்தி யாரும் பேசறதில்லையாம். ஃப்ரிட்ஜைப் பத்திப் பேசினது ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. ஏண்டி, அதுக்குக் கொஞ்சம் தைரியம் சொல்லிக்குடேன். எல்லாத்துக்கும் என்னையே கூப்பிடுது."

அவள் தலை குனிந்தபடி தட்டிலிருந்ததைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

பிறகு துணி மடிக்கும்போது அக்கா மெதுவாகக் கேட்டாள். "அவருக்கு இந்த வேலை நிலைக்கும்லடி?"

"நிலைக்கும்."

"நீ அங்க இருக்கிற வரைக்கும் எனக்கு ஒரு பயமும் இல்லை."

அவள் அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு படுக்கப் போனாள். இறக்கி வைக்க இடம் கிடைக்கவில்லை.

புள்ளிவிவரம் அவளைத் தனியாகக் கூப்பிட்டது அதற்கடுத்த வாரம். கண்ணாடி அறையில் ஏசி குளிர் முதுகில் இறங்கியது.

"எல்லா இடத்திலேயும் ஏஜென்ட் நாளுக்கு நாள் தேறுது. நம்மளுது மட்டும் பாதிப் போனைத் தூக்கி மேல போடுது. ஏன்மா?"

"சில பேருக்கு ஆள்தான் சார் வேணும்."

"எந்தச் சில பேர்? சும்மா 'சில பேரு'ன்னு நான் மேல போய்ச் சொல்ல முடியுமா? எனக்கு மேலயும் ஒருத்தன் உட்கார்ந்து என் கழுத்தை நெரிக்கிறான்."

இதற்கு அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"அவங்களையே எழுதச் சொல்லலாம் சார். ஒவ்வொரு போன் முடிஞ்சதும் ரெண்டு வரி. ஏன் இதுக்கு ஆள் தேவைப்பட்டுச்சு, அவங்க என்ன பண்ணாங்கன்னு. படிச்சா உங்களுக்கே புரியும்."

புள்ளிவிவரம் போனிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். "இத்தனை நாளா எங்கம்மா வச்சிருந்தே இந்த வாயை? நல்ல யோசனை. இன்னைக்கே பண்ணு."

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். மாடிப்படியில் இறங்கும்போது அவளுக்கே தெரியாமல் கால் துள்ளியது.

போன் முடிந்ததும் திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும்படி அன்றே செய்து முடித்தாள். எழுதுவதெல்லாம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று கணினி கேட்டபோது, போன் பதிவுகள் இருக்கும் அதே இடத்தைக் காட்டிவிட்டாள். புது இடம் உருவாக்க வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும். நாள் கணக்கில் இழுக்கும்.

"நல்லா எழுதுங்க மாமா" என்றாள் வீட்டில். "நீங்க இல்லாம முடியாதுங்கிறது அதுல தெரியணும்."

"எனக்கு எழுத வருமாடி? நான் லாரிக்குப் பின்னாடி எழுதினதைப் படிச்சுத்தான் தமிழே கத்துக்கிட்டேன்."

"பேசற மாதிரியே எழுதுங்க."

பேசுகிற மாதிரியே எழுதினார். இரண்டு வரி கேட்ட இடத்தில் பத்து வரி எழுதினார். மற்றவர்கள் 'வாடிக்கையாளர் கோபமாக இருந்தார், சமாதானம் செய்தேன்' என்று முடித்துக்கொண்டபோது, மாமாவின் பெட்டி மட்டும் நிரம்பி வழிந்தது.

'இந்தம்மா ஃப்ரிட்ஜுக்காகக் கத்தலை. உள்ள இருந்ததுக்காகக் கத்துறாங்க. முதல்ல உள்ள என்ன வச்சிருந்தீங்கன்னு கேட்டேன். அதைச் சொல்லி முடிச்சதும் குரல் இறங்கிடுச்சு.'

'இவர் ரிப்பேர்காரரைத் திட்டுறார். நானும் கூடச் சேர்ந்து கொஞ்சம் திட்டினேன். அப்புறம் நாம சொன்னதைக் கேட்டார்.'

'மாடல் நம்பர் கேட்டா பயந்துடறாங்க, பரீட்சை மாதிரி. கதவு ஒண்ணா ரெண்டா, என்ன கலர்னு கேட்டாப் போதும். நம்பரை நாமே கண்டுபிடிச்சுக்கலாம்.'

சாயங்காலம் வந்ததும் அன்று எழுதியதை அக்காவிடம் ஒப்பிப்பார். "உன் வீட்டுக்காரர் இப்போ எழுத்தாளர், தெரிஞ்சுக்க" என்பார். "ஆமா, பெரிய எழுத்தாளர். ரேஷன் கடையில என்னென்ன வாங்கணும்னு எழுதச் சொன்னா மட்டும் கை வலிக்கும்" என்பாள் அக்கா. வீடு அந்த நாட்களில் வெளிச்சமாக இருந்தது. அவளும் கூட ஒன்றிரண்டு தடவை வாய்விட்டுச் சிரித்தாள்.

அவள் மறந்துபோனது ஒன்றைத்தான்.

வேலை தொடங்கிய புதிதில் அவள் இன்னொரு ஏஜென்ட்டையும் செய்து வைத்திருந்தாள். அது யாரோடும் பேசாது. பதில் சொல்லும் ஏஜென்ட்டைக் கண்காணிப்பதுதான் அதன் வேலை. போன் பதிவுகள் இருக்கும் இடத்தை வாரத்துக்கொரு முறை முழுவதும் படித்து, எங்கே சறுக்கியது என்று பார்க்கும். 'ஆட்கள் நன்றாகக் கையாண்டதிலிருந்து கற்று, பதில் ஏஜென்ட்டின் விதிகளைத் திருத்து' என்று அதற்கு எழுதியிருந்தாள். எழுதிய அன்று அந்த வாக்கியத்தின் மீது அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. ஆரம்பத்தில் அது கேட்ட ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவள்தான் சம்மதம் கொடுத்தாள். காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று அற்பத் திருத்தமாகவே வந்துகொண்டிருந்ததால் சலித்துப்போய், இனி நீயே செய்துகொள், செய்தபிறகு சொன்னால் போதும் என்று விட்டுவிட்டாள். அதன்பின் மாதக்கணக்கில் அது கற்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பதிவுகளில் எத்தனை நிமிடம், பழுது சரியானதா என்பது மட்டுமே இருந்தது.

இப்போது மாமா எழுதிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அதன் அறிக்கை வந்திருந்தது. வழக்கத்தைவிட நீளம். முதலில் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு படித்தாள்.

'கோபமாக இருப்பவரிடம் முதலில், உள்ளே என்ன வைத்திருந்தீர்கள் என்று கேள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதே.' 'மாடல் எண் கேட்காதே. கதவுகள் எத்தனை, நிறம் என்ன என்று கேட்டு நீயே கண்டறி.' இப்படியே போனது. மாமாவின் பேச்சைச் சலவை செய்து மடித்து வைத்ததுபோல் இருந்தது. கடைசியில் ஒரு சிறு குறிப்பு: 'சற்றேனும் கலக்கம் தெரிந்தால் ஆளிடம் ஒப்படைக்கச் சொல்லும் வரி, மேற்கண்ட விதிகளால் தேவையற்றதாகிவிட்டது. அதனால் நீக்கியுள்ளேன். வெள்ளிக்கிழமை முதல் ஒப்படைப்பு கணிசமாகக் குறைந்துள்ளது.'

அறிக்கை அவளுக்கு மட்டும் போகவில்லை. புள்ளிவிவரத்துக்கும் ஒரு பிரதி போகும்படி செய்ததும் அவள்தான்.

அவர் நேரே அவள் மேசைக்கே வந்துவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கைதட்டினார். "வாயில்லாப் பூச்சின்னு நினைச்சேன். ஆளுங்க மூளையில இருக்கிறதை அவங்க கையாலேயே எழுதி வாங்கியிருக்கா பாருங்க. எனக்கு இது தோணவே இல்லையே!" பக்கத்து மேசைக்காரர் கை கொடுத்தார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எதற்குப் பிடித்திருக்கிறோம் என்று தெரியாமல் நின்றாள்.

அன்றே அந்த வரியை மறுபடி சேர்த்தாள். தான் நீக்கியது திரும்பி வந்ததால் வாரம் முடியும்வரை காத்திருக்காமல், கண்காணிக்கும் ஏஜென்ட் மறுநாளே மரியாதையாக எழுதியது: 'இந்த வரியால் பலன் இல்லை என்று பதிவுகள் காட்டுகின்றன. இதைச் சேர்த்ததற்கு வேறு காரணம் உண்டா?' அவள் பதில் எழுத விரலை வைத்தாள். உண்டு என்று எழுதினால் அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். அதை அப்படிக் கேட்கப் பழக்கியவளே அவள்தானே.

வரியை அவளே எடுத்துவிட்டாள்.

இனி ஒன்றுதான் மிச்சம். ஏஜென்ட் தவறும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு போன் பதிவுகளாகக் கேட்டாள். ஏஜென்ட் நன்றாகத்தான் பேசியது. அவள் பயந்ததைவிட நன்றாகப் பேசியது. ஒருவர் ரிப்பேர்காரரைத் திட்டியபோது அதுவும் சேர்ந்து லேசாகத் திட்டியது. அவர் சிரித்துவிட்டார். அவள் அடுத்த பதிவைத் தட்டினாள்.

வியாழக்கிழமை அது கிடைத்தது. ஓர் ஆண் குரல். ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். உள்ளே என்ன வைத்திருந்தீர்கள் என்று ஏஜென்ட் கேட்டது.

"அம்மாவோட ஊசி மருந்து."

"ஃப்ரிட்ஜ் சரியாகும்வரை அதைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு அடுத்த ஊசி எப்போது?"

"அவங்க நேத்து இறந்துட்டாங்க."

"மிகவும் வருந்துகிறேன். உங்கள் ஃப்ரிட்ஜுக்குக் கதவு ஒன்றா, இரண்டா?"

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி அறைக்கு ஓடினாள். கதவைத் தட்டக்கூட இல்லை. புள்ளிவிவரம் முழுவதும் கேட்டார். இரண்டாவது முறையும் கேட்டார். அவர் முகம் கறுத்துப் போனது. கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு கண்ணைத் தேய்த்தார். அவருடைய அம்மாவும் படுக்கையில்தான் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

"இதுக்குத்தான் சார் ஆள் வேணும்ங்கிறேன்" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "ஆளா இருந்தா இப்படிக் கேட்டிருக்க மாட்டாங்க."

"என்ன பண்ணியிருப்பாங்க?"

"கேள்வியே கேட்டிருக்க மாட்டாங்க. கொஞ்ச நேரம் சும்மா இருந்திருப்பாங்க. அவரா பேசட்டும்னு விட்டிருப்பாங்க. அவர் ஃப்ரிட்ஜுக்காகவா சார் போன் பண்ணினார்? அம்மா போயிட்டாங்கன்னு யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்திருக்கும். ரிப்பேருக்கு அப்புறமா நாங்களே கூப்பிடுறோம்னு சொல்லிட்டு, அவங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை கேட்டிருப்பாங்க."

அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். உண்மையாகவே கேட்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"சரியாச் சொன்னேம்மா. இதை அப்படியே விதியில சேர்த்துடு. சாவுன்னு வந்தா கேள்வி கேட்கக் கூடாது, கொஞ்சம் சும்மா இருக்கணும், நாமளே அப்புறம் கூப்பிடுறோம்னு சொல்லணும். இனிமே ஒருத்தருக்கும் இப்படி நடக்கக் கூடாது."

அவள் லேப்டாப்பை மூடினாள்.

"இன்னும் ஏதாவது இந்த மாதிரி கிடைச்சா உடனே எடுத்துட்டு வா. உன்னை மாதிரி யாரும் தேட மாட்டாங்க" என்றார்.

மேசைக்குத் திரும்பி அந்த விதியை எழுதினாள். எழுதாமல் விட்டிருக்கலாம். விட்டால் அம்மாவை இழந்த இன்னொருவர் கதவு ஒன்றா இரண்டா என்ற கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கும். அதை நினைத்துத்தான் எழுதினாள். சோதித்துப் பார்த்தபோது ஏஜென்ட் சரியான இடத்தில் சும்மா இருந்தது. ஒரு பெருமூச்சு விடும் நேரம் அளவுக்கு அந்த மௌனம் நீடித்தது. அதற்கு மேல் திருத்த ஒன்றும் இல்லை.

சாயங்காலம் மாமா வரும் பஸ்ஸுக்காகத் தெருமுனையில் காத்திருந்தாள். அவர் இறங்கியதும் கூடவே நடந்தாள். மழை வருகிற மாதிரி மூட்டம் போட்டிருந்தது. கடைகளில் அதற்குள் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

"நாளையிலேர்ந்து அதுல எழுதாதீங்க மாமா."

"ஏண்டி, தப்புத் தப்பா எழுதுறேனா? உங்க மேனேஜர் திட்டினானா?"

"இல்ல."

"பின்ன?"

சொன்னாள். நடந்துகொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும் சொன்னாள். வரியை ஒளித்து வைத்ததிலிருந்து தொடங்கி, மத்தியானம் கண்ணாடி அறையில் தான் பேசியதுவரை. வாழ்நாளில் அவரிடம் அவ்வளவு நேரம் அவள் பேசியதில்லை. மாமா இடுப்பைத் தாங்கித் தாங்கி நடந்தார். ஒரு கடை வாசல் திண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அதான் ரெண்டு நாளா போனே வரலையா" என்றார். "லைன்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்கிட்டு ஆபீஸ் பையனைக் கூப்பிட்டு ஒயரைப் பார்க்கச் சொன்னேன்."

அவள் அழுதாள். அவர் சட்டைப்பையைத் தடவி, கைக்குட்டை இல்லாமல், பஸ் டிக்கெட்டைத்தான் வெளியே எடுத்தார். அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார்.

"நான் ரொம்ப நல்லா எழுதிட்டேன்போல" என்றார். சிரிப்பாக வரவேண்டியது, பாதியில் நின்றுவிட்டது. பிறகு, "உங்க அக்காகிட்ட இதைச் சொல்லாத. கம்பெனியில ஆள் குறைச்சாங்கன்னு நான் சொல்லிக்கிறேன். அவளுக்கு நீன்னா உசுரு. அது அப்படியே இருக்கட்டும்."

மாதக் கடைசியில் கூடத்தை மூடினார்கள். நாற்காலிகளைக் கவிழ்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மாமா இப்போது காலையில் எழுந்திருப்பதில்லை. எழுந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அவள் சத்தம் போடாமல் குளித்து, சத்தம் போடாமல் கிளம்பிப் போய்வருகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அக்கா வற்புறுத்தி மாமாவைத் தட்டின் முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தாள். அவர் எதையும் தொடவில்லை. அக்கா பரிமாறிக்கொண்டே அந்த மேனேஜரைச் சபித்தாள், கம்பெனியைச் சபித்தாள், வாய் இல்லாத அந்த மெஷினையும் சபித்தாள்.

"இவ மட்டும் அங்க இல்லைன்னா போன வருஷமே உங்களை அனுப்பியிருப்பானுங்க. இவ்வளவு நாள் தள்ளினதே இவளாலதான்" என்று தங்கையின் தலையைத் தடவிக் கொடுத்தாள். கை சூடாக இருந்தது.

பிறகு ஏதோ தோன்றியவள்போல் அவள் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, அந்த மெஷினுக்குப் பேசச் சொல்லிக்குடுக்க ஆள் வேணாமா? மாமா எவ்வளவு அழகாப் பேசுவார். அந்த வேலைக்காவது இவரை எடுத்துக்கச் சொல்லி உங்க மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்."

அவள் கையிலிருந்த சோறு தட்டிலேயே உதிர்ந்தது.

மாமாதான் பதில் சொன்னார். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் குரல் வீட்டில் கேட்டது.

"அதுக்குச் சொல்லிக்குடுக்க எங்கிட்ட இனிமே ஒண்ணும் இல்லடி. நீ சோத்தைப் போடு."